உட்காரத் தெரியாதவளும் விசிலடிக்கும் மலையும்

பம்பரம் என்ற பெயரை வைத்தது அவள் அம்மா. தொட்டிலில் போட்டால் தொட்டிலோடு வாசல்வரை போய்விடுவாளாம். நம்புகிறவர்கள் நம்பலாம். அவள் நடந்தால் நிழல் பின்தங்கி மூச்சு வாங்கும் என்பது மட்டும் நானே பார்த்தது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, அசையாமல் உட்கார்ந்து பார்ப்பது. காற்றுக்குப் பயந்து மரங்களெல்லாம் இடுப்பளவில் குனிந்துவிடும் மலைச்சரிவில் ஆய்வு நிலையத்தின் மரவீடு. அதற்குமேல் பாறையும் புல்லும்தான். பனி உருகும் ஓரத்தில் எந்தப் பூ முதலில் தலை நீட்டுகிறது, வளையிலிருந்து மர்மோட் எப்போது வெளியே வருகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். மர்மோட் என்பது பூனையைவிடப் பெரிய குண்டு அணில். ஆபத்தென்றால் விசிலடித்து ஊரைக் கூட்டும்.

நிலையத்தின் தலைவி அவளுடைய நாத்தனார். வீட்டிலும் மலையிலும் அவர் வைத்ததுதான் சட்டம். காலில் சக்கரம் கட்டித் திரிகிறவளுக்கு எந்தப் பிராணி முகம் காட்டும், எழுதியதெல்லாம் கதையாக இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். கீழே அலுவலகத்தில் காய்ந்த இலைகளைத் தாளில் ஒட்டுகிற நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. உன்னை அதில் உட்கார வைப்பதா என்று நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லியனுப்பினார். நாற்காலி என்று கேட்டதிலிருந்து பம்பரம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நடந்தாள்.

அவர் வந்த அன்று பல்லைக் கடித்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்தாள். உள்ளங்கால் அரித்தது. முழங்கால் தானாகத் துள்ள, அதன்மேல் பையைத் தூக்கி வைத்தாள். பையும் துள்ளியது. ஒரு வளையில் மூக்கு தெரிந்தது, அவளைப் பார்த்தது. விசில். அடுத்த வளையிலும் விசில். சரிவு முழுக்க விசில்தான், ஒன்றும் வெளியே வரவில்லை.

"ஏம்மா, இத்தன நாளா எழுதினது இந்த விசிலத்தானா?" என்றார் நாத்தனார்.

"தினமும் வரும் அண்ணி. இன்னிக்கு என்னைப் பாத்து பயப்படுது."

"சும்மா உக்காந்திருக்கிறவளப் பாத்தா?"

"நான் உக்காந்து அதுங்க பாத்ததே இல்லையே, அண்ணி."

அதற்குமேல் பம்பரத்தால் முடியவில்லை. எழுந்து, கையை வீசி, இங்குமங்கும் நடந்தாள். விசில் அடங்கியது. ஒவ்வொன்றாக வெளியே வந்து, அவள் காலுக்குப் பக்கத்திலேயே மஞ்சள் பூக்களைக் கொறிக்கத் தொடங்கின.

நாத்தனார் ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார். பிறகு, "அந்த நாற்காலில வேற யாராவது உக்காரட்டும். நீ நட" என்றார்.

வேலை நிலைத்தது, புதுத் தொல்லையும் வந்தது. நின்று தண்ணீர் குடித்தால்கூட இப்போது மர்மோட்டுகள் விசிலடிக்கின்றன. குடுவையை வாயில் சாய்த்தபடியே நடக்கிறாள்.