சாம்பல் கொக்கும் நீலக் கொப்பியும்

போன சனிக்கிழமை காலை என்னை நம்பிப் பதினேழு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் பைஜாமாவோடு. இன்னொருவர் நகரத்தின் மறுகோடி மொன்ட்ரியால்-நோரிலிருந்து, மாமியாரை மெட்ரோ வாசலில் அப்படியே இறக்கிவிட்டு!

என் சொல்லை இத்தனை பேர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீட்டில் இரண்டு பேர் கேட்பதே பெரிய காரியம்.

கதையை முதலில் இருந்து சொல்கிறேன்.

இந்தக் கோடையில் அயர்லாந்துக்குப் போயிருந்தோம். மனைவி சுகந்தியின் தம்பி அங்கே கோல்வேயில் இருக்கிறான். இரண்டு கிழமையும் மழை. மழை விட்ட நேரமெல்லாம் மச்சான் என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனான். கடல் வற்றிய நேரத்தில் சேற்றுக்குள் நடந்து இரை பொறுக்குகிற பறவைகளைப் பார்ப்பதுதான் அவனுடைய பைத்தியம். அலகு நேராக இருந்தால் ஒன்று, கீழே வளைந்தால் இன்னொன்று, மேலே வளைந்தால் வேறொன்று. மூன்றாம் நாள் எனக்கும் தொற்றிவிட்டது. புறப்படும்போது தடித்த புத்தகம் ஒன்றைக் கையில் தந்தான்.

"அத்தான், இதிலை இல்லாத கரைப் பறவை எண்டு ஒண்டும் இல்லை."

நம்பினேன். மச்சான் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா?

மொன்ட்ரியாலுக்குத் திரும்பி வந்ததும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஆற்றங்கரையில் சனிக்கிழமைகளில் கூடுகிற பறவைக் குழுவில் சேர்ந்தேன். தலைவி மதாம் ஜினெட். வயது எழுபது இருக்கும், கண்ணுக்கு மட்டும் இருபது. அவரிடம் ஒரு நீலக் கொப்பி. அன்றைய பறவைகளை அதில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அதை முதலில் கண்டவரின் பெயரைப் போடுவார். பரிசு இல்லை, கைதட்டல் இல்லை. ஆனாலும் அதில் பெயர் வருவதற்கு வளர்ந்த மனிதர்கள் படுகிற பாடு இருக்கிறதே!

ஐந்து கிழமை போனேன். என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. யாராவது "அதோ!" என்பார்கள். நான் பைனாகுலரை எடுத்து, மூடியைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி... அதற்குள் பறவை அமெரிக்க எல்லையைத் தாண்டியிருக்கும். உண்மையைச் சொன்னால் என்ன, வெட்கமாக இருந்தது. சோறு தின்னும்போதும் அந்தக் கொப்பிதான் கண்ணுக்குள் நின்றது.

ஆகவே போன சனிக்கிழமை ஒரு முடிவோடு, மற்றவர்கள் வருவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பே எங்கள் வீடு இருக்கிற சென்ட் லோரன்டிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு புறப்பட்டேன். சுகந்தியும் வந்தாள். பறவை பார்க்க அல்ல — நான் உண்மையிலேயே பறவைதான் பார்க்கிறேனா என்று பார்க்க.

காரை விட்டு இறங்கவில்லை, அதற்குள் அவள் கையை நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, அங்கை ஒரு பெரிய கொக்கு நிக்குது."

கொக்கா? ஒரு நிபுணனிடம் பேசுகிற பேச்சா இது?

"சும்மா கொக்கு எண்டு சொல்லப்படாது. இனம் என்னெண்டு பாக்கவேணும்" என்று புத்தகத்தைப் பிரித்தேன்.

சாம்பல் முதுகு. சரி. மஞ்சள் அலகு. சரி. கண்ணுக்கு மேலே கறுப்புக் கோடு. சரி! தொடைதான் கொஞ்சம் உதைத்தது. புத்தகத்தில் வெள்ளை, இதற்கோ செம்மண் நிறம். சேற்றில் நிற்கிறது, பட்டிருக்கும். புத்தகத்தில் போட்டிருந்த அளவைவிட உயரமும் கூட. கனடாச் சாப்பாடு! இங்கே வந்தவர்கள் எல்லோரும் இரண்டு சைஸ் கூடித்தானே போனோம்?

ஆனாலும் பொறுப்பில்லாமல் நடக்கலாமா? போனில் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"சாம்பல் கொக்குத்தான் அத்தான். எங்கடை வீட்டுக்குப் பின்னாலை ஒவ்வொரு நாளும் நிக்குது."

புத்தகமும் மச்சானும் ஒத்துப்போய்விட்டால், கண் முன்னால் நிற்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? சாம்பல் கொக்கு, ஒன்று, இடம் இன்னது என்று குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன்.

முக்கால் மணித்தியாலத்துக்குள் கார்கள் வரிசையாக வந்து நின்றன. கதவைச் சாத்தக்கூட ஒருவருக்கும் பொறுமையில்லை. மதாம் ஜினெட் மூச்சு வாங்க ஓடி வந்து, "எங்கே, எங்கே?" என்றார். நான் காட்டினேன் — கொஞ்சம் ஸ்டைலாகவே. பதினேழு பேரும் ஒரே நேரத்தில் பைனாகுலரால் குறி வைத்தார்கள்.

பேச்சு மூச்சில்லை. பூசை நேரத்துக் கோயிலில்கூட நான் அப்படியொரு அமைதியைக் கண்டதில்லை. ஆஹா, உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பைஜாமாக்காரர்தான் முதலில் சிரித்தார்.

"மிசியே, உங்கள் புத்தகத்தைக் கொஞ்சம் தருகிறீர்களா?" என்றார் மதாம் ஜினெட். அட்டையைப் பார்த்தார். பிறகு அதை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். 'அயர்லாந்து' என்று கொட்டை எழுத்தில்! இத்தனை நாளும் என் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த புத்தகம்!

"இதெல்லாம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்துப் பறவைகள். நீங்கள் போட்ட சாம்பல் கொக்கு கியூபெக்குக்கு வந்தால் பேப்பரில் செய்தி வரும். இது பெரிய நீலக் கொக்கு. எங்கள் சின்னப் பிள்ளைகள் கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், கலர் அடிப்பது இதற்குத்தான்."

அந்தச் சேற்றுக்குள்ளேயே இறங்கிவிடலாம் போல இருந்தது. பதினேழு பேருடைய சனிக்கிழமை! ஒரு மாமியார் வேறு!

காப்பாற்றியது சுகந்திதான். எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் சாப்பாட்டுப் பெட்டியோடுதானே போவோம்? காரிலிருந்து ரோல்ஸ் பெட்டியை எடுத்துத் திறந்தாள். பைஜாமாக்காரர் மூன்று தின்று என்னை மன்னித்தார். மொன்ட்ரியால்-நோர்க்காரர் மாமியாருக்கென்று இரண்டு சுற்றி எடுத்துக்கொண்டார், அவருக்கும் மன்னிப்புத் தேவைப்பட்டது.

கை துடைத்துக்கொண்டு மதாம் ஜினெட் நீலக் கொப்பியைத் திறந்தார்.

"விதி என்றால் விதிதான். பெரிய நீலக் கொக்கு, ஒன்று. முதலில் கண்டவர்..." என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டேன். கார்டெரிக் கொக்காக இருந்தால் என்ன? பெயர் பெயர்தானே?

"இஞ்சாருங்கோ, அதை முதல் காட்டினது ஆர்?" என்றாள் சுகந்தி என்னிடம்.

நான் காது கேட்காதது போல ஆற்றைப் பார்த்தேன். அவள் மதாம் ஜினெட்டிடம் போய் நல்ல பிரெஞ்சில் விளக்கினாள். "நான்தான் கண்டேன், மதாம். பெரிய கொக்கு என்றுதான் சொன்னேன். எந்த நாட்டுக் கொக்கு என்றெல்லாம் நான் சொல்லவில்லை."

சுகந்தியின் பெயர் கொப்பியில் ஏறியது. மதாம் ஜினெட் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பாவமாக இருந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் என் பெயரையும் எழுதினார்.

ஆம் வாசகர்களே, நீலக் கொப்பியில் நானும் இருக்கிறேன் — சாரதியாக!