தண்ணீர் ஊற்றிப் பார்த்து வாங்கிய படகு

படகை விற்க நினைத்தவருக்கு நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று முதலில் புரியவில்லை. அடையாற்றங்கரையை ஒட்டிய வீடு அது. பின்பக்கத் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைக்குள், இரண்டு மரத் தாங்கிகளின் மேல் படகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் தேயிலைத் தோட்டத்தில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கணவரின் கையைக் குலுக்கிவிட்டு, என்னிடம், "நீ உள்ள போய் மாமியோட பேசிண்டு இரும்மா, காப்பி தருவா" என்றார்.

"பார்க்க வந்ததே இவதான் சார்" என்றார் என் கணவர். "எனக்கு ஓட்டத்தான் தெரியும்."

வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையில் பிளாஸ்டிக் கூடை, அதில் ஒரு ஸ்க்ரூடிரைவர், உப்புத்தாள், பழைய துணி.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் கிண்டி தொழிற்பேட்டையில் ஃபைபர் கிளாஸ் பொருட்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் இருந்தேன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ரெசின் என்ற இறுகும் பிசினைச் சோதிக்கத்தான் சேர்ந்தேன். ஆனால் அச்சுக் கொட்டகையில் எனக்கு மனசு ஒட்டிக்கொண்டது. அச்சில் முதலில் வழவழப்பான மேல்பூச்சு. அதன் மேல் 'மேட்' என்ற கண்ணாடி இழை விரிப்பைப் பரப்பி, ரெசினை ஊற்றி, காற்றுக்குமிழ் எல்லாம் வெளியேறும்வரை ரோலரால் உருட்ட வேண்டும். ஒரு குமிழ் உள்ளே தங்கினாலும் அந்த இடம் என்றைக்காவது கைவிடும். நாற்காலி, தண்ணீர்த்தொட்டி, வண்டிக் கூரை என்று எது வந்தாலும் கடைசியில் நான் தட்டிப் பார்த்துச் சரி என்றால்தான் வெளியே போகும்.

என் கணவர் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் யாருடைய பாய்மரப் படகிலோ கயிறு பிடிக்கப் போவார். சொந்தமாக ஒன்று வேண்டும் என்பது அவருடைய ஆசை. இந்தப் படகைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவருக்குத் தூக்கம் போயிற்று. வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் கொண்டுவந்து, ஊருக்குத் திரும்பும்போது இந்தத் தேயிலைத் தோட்டத்துக்காரரிடம் விட்டுப்போன ஃபைபர் கிளாஸ் படகு. அவருடைய படகுக் கூட்டாளிகளோ பயமுறுத்தினார்கள். வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்த பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி நொறுங்கும் என்றார்கள்.

"நீ என்ன சொல்றே?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு என் வேலையைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

"பார்க்காம எப்படிச் சொல்றது?" என்றேன். அப்படித்தான் அந்தக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம்.

வெள்ளை நிறம் மங்கியிருந்தது. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. மேல்விளிம்பில் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள். நான் அவற்றை உற்றுப் பார்ப்பதைக் கண்டதும் வீட்டுக்காரர், "அது வெறும் கோடு" என்றார் அவசரமாக.

"ஆமா சார். மேல்பூச்சோட நிக்குது. உள்ளே போகலை."

அதன் பிறகு அவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கோணிப்பையை விரித்துப் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் முன்மூக்கிலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். டக், டக் என்று தெளிவான சத்தம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் ரோலரை அவசரப்படாமல் உருட்டியிருக்கிறார்.

இந்த மாதிரிப் படகின் அடியில், நடுவில் ஒரு நீண்ட பிளவு இருக்கும். அதன் வழியாக ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு நழுவாமல் பிடித்துக்கொள்வது அந்த நடுப்பலகைதான். ஆழம் குறைந்தால் தூக்கிவிடலாம். பிளவு வழியாகத் தண்ணீர் உள்ளே வராதபடி, படகுக்குள் பலகையைச் சுற்றி ஒரு குறுகலான கூடு எழும்பி நிற்கும். எல்லா அழுத்தமும் அந்தக் கூட்டின் அடிப்பகுதியில்தான் விழும்.

பிளவின் பின்முனைக்கு வந்தபோது சத்தம் மாறியது. பொத், பொத். ஒரு கையகல இடம். மறுபடி தட்டினேன். அதே சத்தம்தான். உள்ளே இழை விட்டுப்போயிருக்கிறது.

எழுந்து வந்து, "கொஞ்சம் தண்ணி வேணும் சார். படகுக்குள்ள ஊத்தணும்" என்றேன்.

"படகுக்கு வெளியிலதானே தண்ணி இருக்கும்?" என்று சிரித்தார். ஆனாலும் கிணற்றடியைக் காட்டினார். என் கணவர் வாளி வாளியாகக் கொண்டுவந்து கூட்டின் அடி மூழ்கும்வரை ஊற்றினார். நான் மறுபடி கீழே படுத்தேன். முதலில் பலகை சுழலும் போல்ட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அதைச் சொன்னதும், "வாஷர் மாத்தினா சரியாயிடும்" என்றார் அவர். உண்மைதான். நான் பார்த்துக்கொண்டிருந்தது பின்முனையை. அங்கே பிளவின் ஓரமாக வேர்வை மாதிரி ஈரம் கசிந்து, முத்து முத்தாகத் திரண்டு, பிறகு நிற்காமல் சொட்டத் தொடங்கியது.

எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த இடத்துப் பெயின்ட் மட்டும் மற்ற இடங்களைவிடப் பளிச்சென்று இருந்தது.

"இது எதுலயாவது மோதியிருக்கா சார்?"

"இல்லையே. அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லை."

காப்பி டம்ளர்களோடு வந்து நின்ற மாமிக்கு அது கேட்டுவிட்டது. "ஏன்னா, முகத்துவாரத்துல மணல்திட்டுமேல ஏறினோமே! நான் போய் விழுந்து முழங்கால்ல தையல் போட்டாளே! அதை ஏன் சொல்ல மாட்டேங்கறேள்?"

அவர் முகம் சிவந்தது. "பலகையைத் தூக்குன்னு கத்தினேன். நீ தூக்கலை."

"அந்தக் காத்துல நீங்க கத்தினது எங்க கேட்டுது?"

அந்த இருவரும் பல வருஷம் சேர்ந்து ஓட்டிய படகு அது என்று அப்போதுதான் தெரிந்தது. மாமிக்கு முழங்கால் மடங்காமல் போன பிறகு அவருக்குத் தனியாக ஓட்ட மனசு வரவில்லையாம். மாமி அதைச் சொன்னபோது அவர் படகின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சுரண்டிப் பார்க்கலாமா?" என்றேன். தலையசைத்தார். தண்ணீரை இறைத்துவிட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். பெயின்டுக்குக் கீழே விரிசலை அடைக்கப் பூசிய மக்கு. அதற்குக் கீழே விரிசல், வெளுத்துப்போன இழைகள்.

என் கணவரின் முகம் தொங்கிவிட்டது. "அப்போ வேண்டாமா?" என்றார் மெல்ல.

"இருங்க, இன்னும் பார்க்கணும்" என்றேன். படகுக்குள் ஏறி எல்லா இடத்திலும் மிதித்துப் பார்த்தேன். தரை எங்கும் அமுங்கவில்லை. சுக்கான் மாட்டுகிற பின்பலகையைக் குத்திப் பார்த்தேன். மரம் கெட்டியாக இருந்தது. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆளையும் கூப்பிட்டு எல்லோருமாகத் தூக்கினோம். உள்ளே தண்ணீர் குடித்திருந்தால் கனத்திருக்கும், ஆனால் லேசாக எழுந்தது. கெட்டது அந்த ஒரு கையகல இடம்தான்.

"வாங்கலாம்" என்றேன்.

பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பி, "இதை மக்கு பூசி மறைச்சா ஒரு நாள் தண்ணியில பிளந்துக்கும் சார். கெட்டதை வெட்டி எடுத்துட்டு உள்ளேயும் வெளியேயும் புதுசா மேட் போடணும். அதை நானே செஞ்சுக்குவேன். நீங்க உடைஞ்ச படகுக்கு உண்டான விலையைச் சொல்லுங்க" என்றேன். அவ்வளவு நீளமாக நான் வெளியாள் ஒருவரிடம் பேசியதே இல்லை.

"நாளைக்கு இன்னொருத்தர் வரார்" என்றார் அவர். "அவர் இப்படித் தட்டியெல்லாம் பார்க்க மாட்டார்."

"அவர் குழந்தைகளை வெச்சுண்டு இதுல போவார்" என்றாள் மாமி. "யோசிச்சுப் பாருங்கோ."

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். விலையை இறக்கினார். அதோடு பாய்மரத்தில் அதிகம் விரிக்காத ஒரு பாயையும் எடுத்துக் கொடுத்தார். "நீ எடுத்துக்கோம்மா. நீ பார்த்த மாதிரி நானே இதைப் பார்த்ததில்லை" என்றார்.

உடனே வேலையைத் தொடங்க முடியவில்லை. மழைக்கால ஈரத்தில் ரெசின் ஒழுங்காக இறுகாது. தை பிறக்கும்வரை படகு அந்தக் கொட்டகையிலேயே இருக்கட்டும் என்றார்கள் வீட்டுக்காரரும் மாமியும். பிறகு ஞாயிறுதோறும் போனோம். விரிசலை வெட்டி, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, மேட்டை அடுக்கடுக்காகப் போட்டேன். கணவர் எனக்குக் கையாள். "அழுத்தாதீங்க, உருட்டுங்க" என்று நான் சொல்லச் சொல்ல, மாமி நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பாள். எல்லாம் இறுகிய பிறகு மறுபடி தண்ணீர் ஊற்றினோம். இந்த முறை வீட்டுக்காரரே வாளியைத் தூக்கினார். நால்வரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை. என் கணவர் என் தோளில் கை வைத்தார். பெரியவர்கள் முன்னால் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

மாசியில் ஒரு சாயங்காலம் படகை ஆற்றில் இறக்கினோம். அதுவரை நான் பாய்மரப் படகில் ஏறியதே கிடையாது. பாயில் காற்று நிறைந்ததும் படகு சாய்ந்தது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பலகையை இறக்கியதும் படகு எதையோ பிடித்துக்கொண்டது போல நேராக ஓடியது. நான் குனிந்து கூட்டின் அடியில் உள்ளங்கையை வைத்தேன்.

"எப்படி இருக்கு?" என்று கத்தினார் கணவர்.

"காஞ்சு இருக்கு!"

"படகைக் கேக்கலை. உனக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் பொன்னிறமாக விலகி ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் கடலின் வெள்ளைக்கோடு. நான் என் கையால் ஒட்டுப் போட்ட ஓர் இடத்தின் மேல் நாங்கள் இருவரும் போய்க்கொண்டிருந்தோம். தொழிற்சாலையில் எத்தனையோ பொருளைச் சரி என்று அனுப்பியிருக்கிறேன். எதன் மேலும் நான் ஏறிப் போனதில்லை.

திரும்பும் வழியில் அலை தெறித்து இருவரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். அப்படியே தி. நகர் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் எங்களைப் பார்த்து, "இன்னா சார், மழையே இல்ல, எங்க போயி நனைஞ்சுக்கினு வர்றீங்க?" என்றார்.

"எங்க படகுல போயிட்டு வர்றோம்" என்றேன் நான், கணவரை முந்திக்கொண்டு. கண்டக்டர் கேட்காமலேயே, "அடியில உடைஞ்சிருந்திச்சு. நான்தான் சரி பண்ணினேன்" என்றும் சொன்னேன்.

"நீயாம்மா? தோடா!" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஈரப் புடவையோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீடு வரும்வரை நிமிர்ந்தே நின்றுகொண்டு வந்தேன்.