மணப்பாடு வரை முப்பதுக்கு மேல் போகாமல்

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டுக்கு நான் கார் ஓட்டிக்கொண்டு போனபோது, பழையகாயல் பக்கம் மீன்கூடை கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் என்னை முந்திப் போனார். போனவர் காலை ஊன்றி நின்று, திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, தள்ளணுமா?" என்று கேட்டார்.

தை மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். வண்டி பழைய சீமைக் கார், வேகம் காட்டும் மீட்டரில் மைல் கணக்குதான் உண்டு. கல்யாணம், காட்சி என்று வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறேன். இருபது வருஷத்தில் அந்த மீட்டரை நான் பார்த்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? பார்க்க ஆள் இருந்தது. என் மனைவி மிக்கேலம்மா எப்போது ஏறினாலும் முன்சீட்டில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வருவாள். "முப்பது ஆயிட்டு. போதும்." எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு, அவளுக்கும் அப்படித்தான். இந்தப் படிப்புக்கு ஒரு வீட்டில் ஒருவர் மீட்டர் பார்த்தால் போதாதா?

கார்த்திகையில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் முள்ளை நானே பார்க்க ஆரம்பித்தேன். முப்பதைத் தாண்டவில்லை. பார்க்கப்போனால் எல்லா பஸ்ஸும் என்னைத் தாண்டின. வாடகைக்கு வந்தவர்கள் பாதி வழியில் இறங்கிப் பஸ் ஏறினார்கள். மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "மீட்டர் கேபிள் போச்சு, இந்த வண்டிக்கெல்லாம் இனி சாமான் வராது" என்று கையைத் துடைத்துக்கொண்டார். பம்பாயில் இருக்கும் மகனோ, வண்டியை விற்றுவிட்டு அங்கே வந்துவிடச் சொல்கிறான். நானும் ஒரு முடிவு செய்தேன். மணப்பாட்டில் மச்சினன் சவேரி இருக்கிறான், மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவன். அங்கே போய்ச் சேர்வதற்குள் மீட்டரின் கோளாறு பிடிபட்டால் வண்டியும் நானும் தூத்துக்குடி. பிடிபடாவிட்டால் வண்டியை அவனிடம் விட்டுவிட்டுப் பம்பாய் ரயில்.

"தள்ள வேண்டாம், ஓடத்தான் செய்யுது. முப்பது மைல் வேகம்" என்றேன் சைக்கிள்காரரிடம்.

"அப்போ நான் முப்பத்தஞ்சுல வாறேனாக்கும்! மீன் கெட்டுப்போவாது" என்று சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முள் முப்பதில் நிற்க, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓட்டினேன். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நாலு நிமிஷம். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர், மைலில் பத்துக்கும் கீழே. சரி, முள் பொய் சொல்கிறது. ஆனால் முள்ளுக்குக் கீழே ஓடிய தூரம் காட்டும் எண் சக்கரம்? எட்டுக் கல் தாண்டும்போது ஐந்து மைல் என்று சரியாகவே காட்டியது. இரண்டையும் சுற்றுவது ஒரே கேபிள். கேபிள் போயிருந்தால் இரண்டும் கெட்டிருக்கும். ஆகவே கேபிள் நல்லது, வியாதி மீட்டருக்குள்ளே. அந்தச் சந்தோஷத்தில், "பாத்தியாளா!" என்று முன்சீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். சீட்டில் என் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது.

ஆறுமுகனேரியில் ஒரு டீ. உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். பேச்சுக்கு ஆள் இல்லாமல் டீ குடித்தால் கிளாஸ் சீக்கிரம் காலியாகிவிடுகிறது. திருச்செந்தூரில் நல்ல வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டேன். மறுபடி கிளம்பினால் அதே நாலு நிமிஷ வேகத்துக்கு முள் இருபதுதான் காட்டுகிறது! காலைக் குளிரில் முப்பது, வெயிலில் இருபது. குளிருக்கு இறுகி வெயிலுக்கு இளகுவது எது? எண்ணெய். குலசேகரன்பட்டினம் தாண்டும்போது மீட்டரிலிருந்து வாடையும் வந்தது. கடற்கரையில் பிறந்தவனுக்கு அது என்ன வாடை என்று சொல்லித் தரவா வேண்டும்?

மணப்பாட்டில், சிலுவைக் கோயில் மேட்டுக்குக் கீழே சவேரி வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றான்.

"ஏலே சவேரி, இந்த மீட்டர மோந்து பாரு."

"சுறா எண்ணெய்லா அத்தான்."

"யாரு விட்டது?"

"நாந்தான். அக்காவ அடக்கம் பண்ணிட்டு வரும்போது வழி பூரா இந்த மீட்டர் கீச்சு கீச்சுன்னு கத்திட்டே வந்துச்சுல்லா. வீட்டுல எல்லாரும் அழுதாவ, இதும் சேந்து கத்துதேன்னு கேபிள் குழாய்க்குள்ள ஒரு கிண்ணம் விட்டேன்."

"ஒரு கிண்ணமா!"

"வள்ளத்துக்கு அது எந்த மூலைக்கு?"

வள்ளத்து மரத்துக்குப் பூசுகிற எண்ணெயை மீட்டருக்கு ஊற்ற அவனால்தான் முடியும். எண்ணெய் கேபிள் வழியாக மேலே ஏறி, உள்ளே பிசினாகி, முள்ளையும் சேர்த்து இழுத்திருக்கிறது. ஏசலாம் என்று பார்த்தேன். அவன் கண் கலங்கியிருந்ததால் மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொன்னேன். மீட்டரைக் கழற்றி, கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டினோம். ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போது, "முன்னால ஏறுல" என்றேன். "அது அக்கா இடம்லா" என்று பின்னால் ஏறிக்கொண்டான். முப்பதில் ஓட்டிக் கல்லுக்குக் கல் பார்த்தோம். ஒரு நிமிஷம், பதினைந்து விநாடி. முள் திருந்திவிட்டது.

இந்த வழியாகக் காரில் போகிறவர்களுக்கு: மொத்தம் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விடியற்காலையில் கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் மணல் காற்று. மீட்டரை நம்பாவிட்டாலும் கல்லை நம்புங்கள். கேபிளுக்கு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு போதும். கூட யாராவது வந்தால், அவர்கள் வேகத்தைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் திரும்பும்போது, "முப்பது ஆயிட்டு" என்று நானே சொல்லி, நானே குறைத்துக்கொண்டு வந்தேன்.

மணப்பாட்டில் நின்றபோது மீட்டர் துடைத்த துணியைப் பின்சீட்டில் போட்டு, வாடை போகக் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். தூத்துக்குடியில் வந்து பார்த்தால் அந்தத் துணிமேல் ஒரு மணப்பாட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருந்தது. சீட்டு உறையை மாற்ற வேண்டியதாயிற்று.