ஆயிரம் அடிக்குக் கீழே தட்டியது யார் என்று கேட்டவர்

செல்லதுரை போய்விட்டார். நாமக்கல்லில் டயர் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருந்தவர். நேற்றுக் காலை மாரடைப்பு... ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

இந்த முகநூல் பக்கத்தில் என்னோடு சண்டை போடும் அறிவியல் புனைகதை நண்பர்கள் பலருக்கு அவரைத் தெரியும். நம் வாசகர் மாநாடுகளில் பட்டுச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான்.

அவர் எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

முதல் மாநாடு சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. அன்று முகூர்த்த நாள். கீழ்த்தளத்தில் நிஜக் கல்யாணம். மண்டபத்துக்காரர்களுக்குத் தெரிந்தது ஒரே பழக்கம்... எங்கள் வாசலிலும் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு எல்லாம் வைத்துவிட்டார்கள்.

செல்லதுரை கீழே சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவர். தவறிப்போய் மாடி ஏறிவிட்டார்.

வாசலில் ஒரு கல்லூரிப் பெண் வெள்ளிக் காகிதத் தலைக்கவசத்தோடு வேற்றுக்கிரகவாசி வேடத்தில் நின்றிருந்தாள். இப்போதெல்லாம் கல்யாணங்களில் குழந்தைகளுக்குக் கை கொடுக்கப் பொம்மை வேடம் போட்டு நிறுத்துகிறார்களே, அதுதான் என்று நினைத்திருக்கிறார். அவளுக்குக் கை கொடுத்து, சந்தனம் பூசிக்கொண்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அப்போது மேடையில் நான்.

எனக்குக் கொடுத்தது சாப்பாட்டுக்கு முந்தைய பதினைந்து நிமிடம். ஆங்கிலம் கலந்து பேசியவர்களுக்கு முக்கால் மணி நேரம். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், அது அநியாயம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர் போடப் போன இடங்களில் பழைய புத்தகம் வாங்கிப் படித்து, எவர் துணையும் இல்லாமல் எழுத வந்தவன் நான்.

கதையை வாசித்தேன். வறண்ட காட்டில் ஒரு ரிக் வண்டி போர் போடுகிறது. ஆயிரம் அடியில் இன்ஜினை நிறுத்துகிறார்கள். நிறுத்தியதும், குழிக்குள் இறக்கிய இரும்பு ராடைக் கீழேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். மூன்று தட்டு... கொஞ்சம் இடைவெளி... மறுபடி மூன்று தட்டு. அங்கே கதை முடிகிறது.

கேள்வி நேரம். ஒரு கையும் உயரவில்லை. "இதுல சயின்ஸ் எங்க இருக்கு?" என்று முன்வரிசையில் ஒரு தம்பி பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுத்தது மட்டும் எனக்குக் கேட்டது.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து அந்தக் குரல்.

"ஏனுங்ணா, தட்டுனது யாருங்க?"

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"அதைப் படிக்கறவங்கதான் யோசிக்கோணும்" என்றேன்.

"யோசிக்கறனுங்க. யோசிச்சுச் சொன்னா செரியா தப்பான்னு சொல்லுவீங்ளா?"

"சொல்றேன்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். கீழே முகூர்த்தமே முடிந்துவிட்டது. இவர் எங்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "அவங்க எங்கீங்ணா போயிரப் போறாங்க?" என்றார்.

அதன்பிறகு எந்த மாநாட்டையும் விட்டதில்லை. நடுவில் போன்கள். பட்டறைச் சத்தத்துக்கு மேல் கத்துவார்.

"பூமிக்கு அந்தப் பக்கத்துல போர் போடற ரிக்காரங்களாங்ணா?"

"இல்ல. ஆயிரம் அடியில அந்தப் பக்கம் வந்துருமா?"

"அதுவுஞ் செரிதான்... அப்ப செத்துப் போனவங்களா?"

"பேய்க்கதை நான் எழுதறதில்ல, செல்லதுரை."

"கோவிச்சுக்காதீங்ணா. அடுத்த வாரம் வேற சொல்றேன்."

கதையின் கடைசியில் ஒரு பத்தி சேர்த்து, தட்டியது யாரென்று சொல்லிவிட்டால் புத்தகமாகப் போடுகிறேன் என்றார் ஒரு பதிப்பாளர். முடியாது என்றேன். கதை இன்னும் புத்தகமாகவில்லை. இதில் செல்லதுரைக்கு என்மேல் கோபம் உண்டு... ஆனால் அந்தப் பத்தியை எழுதுங்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

போன வாரம் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"கண்டுபுடிச்சுட்டனுங்ணா."

"சொல்லுங்க."

"போன்ல சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கெழம மாநாட்டுல மைக்கைப் புடிச்சுச் சொல்றேன். அன்னிக்குச் சிரிச்சாங்கல்ல, அவங்களும் கேக்கட்டும்."

ஞாயிறு நாளை மறுநாள்.

இன்று துக்கத்துக்குப் போயிருந்தேன். கேட்கக் கூடிய இடமா, நேரமா... எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்காமல் வர முடியவில்லை. அவர் மனைவி சரசுவிடம் கேட்டுவிட்டேன்.

"அம்மிணி, அந்தக் கதையப் பத்தி உங்ககிட்ட எதாச்சும் சொன்னாருங்களா?"

"சொன்னாருங்க. தட்டுனது யாருன்னு எங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் உங்களுக்கே போன் பண்ணுனாரு."

"யாருன்னாரு?"

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாருங்க. எதச் சொன்னாலும் நீங்க இல்லைன்னுதான் சொல்லுவீங்களாமா. மொதல்ல சபையில நாலு பேரு கேக்கட்டும், அப்பறம் அவரு இல்லைன்னு சொல்லிக்கட்டும்னாரு."

"இந்த ஒரு தடவை இல்லைன்னு சொல்ல மாட்டேன், அம்மிணி."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பறம் எதுக்குங்க கேக்கறீங்க?"

அதற்குள் உறவுக்காரப் பெண்கள் வந்து அவரை உள்ளே அழைத்துப் போனார்கள்.

பஸ்ஸில் பரமத்தி வேலூர் வந்து சேரும்வரை யோசித்தேன். அவர் சொல்லி நான் இல்லை என்றதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

காரியம் முடியட்டும். சரசுவிடம் மறுபடி கேட்பேன்.

போய் வாருங்கள், செல்லதுரை.