அணையாத ஹப் டைனமோ

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். 1973, ஜூலை 18, புதன்கிழமை.

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை. வந்த வருஷமே முதல் குழந்தையைப் பறிகொடுத்தோம். என் மனைவி வீரம்மாவுக்கு மறுபடியும் நிறைமாதம். மருத்துவச்சி தபித்தாள் இருப்பதோ மூன்று மைலுக்கு அப்பால். எந்த நேரத்தில் வலி வந்தாலும் நான்தான் ஓட வேண்டும். அதனால்தான் சைக்கிள் விளக்குக்கு டைனமோ தேடிக் குன்னூர் வரைக்கும் போனேன்.

கடைக்காரர் மாரப்பன் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று டயரில் உரசி ஓடும் டைனமோ, புத்தம் புதிது. இன்னொன்று பழைய சீமைச் சக்கரம். அதன் நடுவில், ஹப்புக்குள்ளேயே டைனமோ இருந்தது.

"ஏனுங்க, மழையில டயரு நனைஞ்சா இது வழுக்கிப்போடும். ஹப்புன்னா அந்தத் தொல்லை இல்லீங்க. மிதிக்கவும் லேசு."

"நின்னா எரியுமா?"

"சக்கரம் நின்னா ரெண்டும் அணைஞ்சுதானுங்க போகும்."

மழைக்குப் பயந்து ஹப்பையே வாங்கினேன். என் தலையெழுத்து.

அன்று மாலை 6.50. வலி கண்டுவிட்டது.

"வெரசா போயிட்டு வாங்க..." என்றாள் வீரம்மா. பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண்களைத் துணைக்கு வைத்துவிட்டுக் கிளம்பினேன். மழை. பனிமூட்டம். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

7.05. பாதி வழி. வெளிச்சத்தில் ஓர் ஆள். அரைக்கால் சட்டை, தொப்பி, கைத்தடி.

இலங்கைத் தோட்டத்தில் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அவர் போன பிறகுதான் ஏறலாம். இறங்காததற்காக என் அப்பா அடிவாங்கியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே அப்படி எந்தச் சட்டமும் இல்லை. இருந்தும் என் கால் தானாக இறங்கியது. மானங்கெட்ட கால்.

நின்றேன். சக்கரமும் நின்றது.

விளக்கு அணையவில்லை.

சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். அசைவே இல்லை. வெளிச்சம் மட்டும்... கூடிக்கொண்டே போனது.

அவ்வளவு வெளிச்சத்திலும் தொப்பிக்குக் கீழே முகம் தெரியவில்லை.

"சலாம் தொர... பொஞ்சாதிக்கு வலி... போகவா?"



டக்... டக்... கைத்தடி.

டக்...

பிறகு இருட்டு.

தடவிப் பார்த்தேன். எதிரே யாரும் இல்லை. விழுந்தடித்து மிதித்தேன். நின்றது ஐந்து நிமிடம்தான் என்று சத்தியம் செய்வேன்.

தபித்தாள் வீட்டுக் கடிகாரத்தில் மணி 9.40.

கதவைத் திறந்தவள் பரிதாபமாகப் பார்த்தாள். "எதுக்குங்க மழையில வந்தீங்க? அதான் ஏழேகாலுக்கே ஆள் அனுப்பிட்டீங்களே."

"ஆளா? யாரு?"

"தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தொரைங்க. புள்ள செத்துப்போச்சு, நீ போக வேண்டாம்னு சொன்னாருங்க. நான் பையைக்கூடத் தூக்கிட்டேன்... திருப்பி வச்சுட்டேன்."

எஸ்டேட்டை விட்டு வெள்ளைக்காரத் துரைகள் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

அவளையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். வீரம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் துணிச் சுருள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆண் குழந்தை. மூச்சுத் திணறல். என்ன செய்வதென்று அந்தப் பெண்களுக்குத் தெரியவில்லை.

அது பிறந்ததே எட்டு மணிக்குத்தானாம்.

ஒன்பதரை வரைக்கும் அழுததாம்.