மாமா முன்னால் என் வயிறு

என் மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. என் வயிற்றுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஒத்தக்கடை பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுகிறார்கள். போன வாரம் ஒரு அம்மா, "எத்தன மாசம் தாயி?" என்று கேட்டார். "முப்பத்தாறு" என்றேன். அவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் பார்த்தால் மேலூர் ரோட்டில் நின்றுகொண்டேதான் போக வேண்டும்.

சிசேரியன் தையல் கோட்டுக்கு மேலே ஒரு மடிப்பு. நான் உட்கார்ந்தால் அது தனியாக என் மடியில் வந்து உட்காரும். கோட்டைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது; கிள்ளினால் பக்கத்து வீட்டுக்காரியைக் கிள்ளியதுபோல இருக்கும். முதல் வருடம் பெல்ட் கட்டினேன், கொள்ளு ரசம் குடித்தேன், செல்போனில் ஒருத்தி சொன்னபடியெல்லாம் தரையில் படுத்துக் காலைத் தூக்கினேன். வயிறு மசியவில்லை. இப்போது எங்களுக்குள் சண்டை இல்லை. அது என்னை ஒரே ஒரு முறைதான் உண்மையாகப் பயமுறுத்தியிருக்கிறது. அதோடு வைத்துப் பார்த்தால் இந்தத் தொப்பை ஒன்றுமே இல்லை.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் அது. வயிற்றைக் கிழித்தால் குடல் வேலைநிறுத்தம் செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில், காற்றுப் பிரிந்தால்தான் வாய்க்கு ஏதாவது கிடைக்கும். அதுவரை ஸ்பூனில் தண்ணீர். மணிக்கொரு முறை நர்ஸ் எட்டிப் பார்த்து, "கேஸ் போச்சாக்கா?" என்பாள். படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்ட நான் ஒரு குசு விடாததற்காக எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

வயிறு உப்பிக்கொண்டே போனது. பிள்ளை உள்ளே இருந்தபோதுகூட அம்புட்டுப் பெரிதாக இருந்ததில்லை. தையல் வலியெல்லாம் இதற்கு முன்னால் கால் தூசி. எழுந்து நடந்தால் பிரியும் என்று டாக்டரம்மா சொன்னதால், காலையில் அம்மா என்னைக் கைத்தாங்கலாக வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். அத்தை, அதாவது என் மாமியார், அறையில் குழந்தையோடு இருந்தார். வீட்டுக்காரர் தறியைப் பார்க்கப் போயிருந்தார்.

வராந்தா பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரரின் அப்பா. செல்லூரில் நாற்பது வருடமாகப் பவர்லூம் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "இன்னும் காத்துப் பிரியலயாம்ப்பா" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மாடி முழுக்கக் கேட்டது. ஆனால் என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. அந்த வீட்டில் மாமனார் மருமகளிடம் நேராகப் பேசும் வழக்கமில்லை. நான் இரண்டடியில் நின்றாலும், "அந்தப் புள்ளயச் சாப்புடச் சொல்லு" என்று அத்தையிடம்தான் சொல்வார். நானும் அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை, கொட்டாவிகூட விட்டதில்லை. மூன்று வருடம் அப்படியே ஓடியிருந்தது.

சரியாக அவருடைய பெஞ்சுக்கு முன்னால் வந்தபோது வயிற்றுக்குள் ஒன்று உருண்டு கீழே இறங்கியது. அம்மாவின் கையை இறுக்கினேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. என் காதில், "அடக்கிக்கடி, சம்பந்தி உக்காந்திருக்காரு" என்றார்.

நான் அடக்கினேன். ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்க எல்லாச் சாமியிடமும் வேண்டிக்கொண்ட ஒன்று வாசல்வரை வந்தபோது, மரியாதைக்காக அதைத் திருப்பி அனுப்பினேன். இம்புட்டு முட்டாள்தனத்தை நான் வேறெதிலும் செய்ததில்லை.

போனது திரும்பி வரவில்லை. மத்தியானம் டாக்டரம்மா வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து முகம் சுளித்தார். நாலு மணிக்குள் பிரியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார், மறுபடி ஸ்கேன் என்றார், குழந்தைக்குப் பவுடர் பால் கொடுங்கள் என்றார். எனக்கு உயிர்பயம் வந்தது. குழந்தையின் பக்கம் திரும்பக்கூட முடியாமல் அழுதேன். அழுதாலும் தையல் வலித்தது. அம்மா தாங்க மாட்டாமல் காலையில் நடந்ததை அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தை எழுந்து வெளியே மாமா இருந்த பக்கம் போனார். திரும்பி வந்து, "எந்திரி, இன்னொருக்கா நடப்போம்" என்றார்.

மூன்று பேரும் வராந்தாவுக்கு வந்தோம். மாமா பெஞ்சில் இல்லை. கடைசி ஜன்னலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, போனைக் காதில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். "நூலு அனுப்புனியா இல்லையா? தறியில பாவு தீரப்போகுதுய்யா. என்னது? கேக்கல. சத்தமாச் சொல்லு." ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. நர்ஸ் ஓடிவந்து அதட்டினாள். அவர் குரலைக் குறைக்கவில்லை. எதற்காகக் கத்துகிறார் என்று எனக்கு மெல்லத்தான் உறைத்தது.

ஐந்தாறு அடி நடந்திருப்பேன். "ஆமாய்யா, நாப்பதாம் நம்பர் நூலுதான்" என்று அவர் முழங்கிக்கொண்டிருக்கும்போதே, காதில் வைத்திருந்த அதே போன் மணியடித்தது.

மாமா அப்படியே நின்றார். அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும் தையலைப் பிடித்துக்கொண்டு, ஐயோ ஐயோ என்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அதுவும் வந்தது. சின்னச் சத்தமில்லை. மணியடித்துக்கொண்டிருந்த போனைத் தாண்டிக் கேட்டது. அடுத்ததும் வந்தது. நான் எதையும் அடக்கவில்லை.

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாமா போனை அணைத்தார். அத்தை பக்கத்தில்தான் நின்றார், அத்தையிடம் கேட்டிருக்கலாம். மாமா கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே, அந்தத் தறிக்காரக் குரலை எப்படியோ தணித்துக்கொண்டு, "பிரிஞ்சிருச்சாத்தா?" என்றார்.

"பிரிஞ்சிருச்சு மாமா."

"சரித்தா. காப்பி வாங்கிட்டு வாரேன்."

எனக்கும் அவருக்கும் நடந்த முதல் பேச்சு அதுதான்.