மூன்று நாளும் இருபத்தொன்பது

டெக்சாஸில் பிளானோ நகரத்து ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் மேலதிகாரி ராகவன் சார் என்னிடம் சொன்னார்: "உனக்குச் சம்பளமே சந்தேகப்படறதுக்குத்தான்ப்பா." எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. டாக்டர் கையால் கொடுத்த மாத்திரையைக்கூட அட்டையில் தேதி பார்க்காமல் விழுங்காத ஆள் நான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மேற்கு டெக்சாஸின் மலைகளுக்கும் அதைச் சுற்றியுள்ள உயரமான பாலைநிலத்துக்கும் வானிலை முன்னறிவிப்பு தரும் சின்னத் தனியார் கம்பெனி எங்களுடையது. வசந்தகாலத்தில் அங்கே பகலில் வெயில் கொளுத்தும். மறுநாள் விடிவதற்குள் உறைபனி விழுந்திருக்கும். ஆப்பிள் மரங்கள் பூத்து நிற்கும் நேரம் வேறு. எந்த இடம் எவ்வளவு குளிரும் என்று தினமும் சாயங்காலம் தோட்டக்காரர்களுக்கு ஃபாக்ஸ் அனுப்புவோம். ஃபாரன்ஹீட் கணக்கில் இருபத்தெட்டுக்குக் கீழே போனால் பூ கருக ஆரம்பிக்கும். ஃபாக்ஸைப் பார்த்துத்தான் அவர்கள் மரங்களுக்கு நடுவே ஹீட்டர் கொளுத்துவார்கள்.

அங்கங்கே தெர்மாமீட்டரைப் பார்த்து போனில் சொல்ல ஆட்கள் உண்டு. அவர்களில் ஒருவர் டோரிஸ். ஐம்பது வயது தாண்டியவர், ஒரு மலைப் பள்ளத்தாக்கில் தனியாக ஆப்பிள் தோட்டம் நடத்திவந்தார். சரியாகக் காலை ஏழு மணிக்கு போன் வரும். எண்ணைச் சொல்வார், வைத்துவிடுவார். அந்தச் சுருக்கமே எனக்கு உறுத்தியது. பக்கத்து ஏர்போர்ட்டில் நாற்பது என்றால் இவர் முப்பது என்பார். ஒரு வாரம் தொடர்ந்து மூன்று நாள் இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது.

சங்கதி எனக்குப் புரிந்துவிட்டது. அமெரிக்கா வருமுன் ஈரோட்டுப் பக்கம் ஒரு விவசாயப் பண்ணையில் மழைமானி பார்க்கும் வேலையில் இருந்தேன். சேற்றில் நடக்கச் சோம்பல்பட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே நேற்றைய எண்ணை இன்றைக்கும் எழுதியவன் நான். பாம்பின் கால் பாம்பறியாதா?

"சார், இந்தம்மா தெர்மாமீட்டரைப் பார்க்காமலே அடிச்சு விடறாங்க."

"போன் பண்ணிக் கேட்டியா?"

"கேட்டா ஒத்துப்பாங்களா சார்?"

"அப்போ ஒரு தடவை நேர்ல போய்ப் பாரேன்."

"ஒன்பது மணி நேரம் டிரைவ் பண்ணணும் சார். பேசாம ஃப்ளாக் போட்டுடறேன்."

"போடு. தப்பாப் போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

ஃப்ளாக் போட்டால் அந்த இடத்து எண்ணைக் கம்ப்யூட்டர் சீந்தாது. ஏர்போர்ட்டின் எண்ணையே பள்ளத்தாக்குக்கும் போட்டுவிடும். போட்டேன். டோரிஸுக்குச் சொல்லவில்லை. பொய் சொல்கிறவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, மலைப்பக்கம் காற்றே அடங்கிப்போன ஒரு சாயங்காலம், டோரிஸுக்குப் போன ஃபாக்ஸில் முப்பத்தாறு என்று இருந்தது. மறுநாள் ஏழு மணிக்கு போன் வந்தது.

"இருபத்துநாலு" என்றார்.

ஏர்போர்ட்டில் முப்பத்தைந்து. இந்த அம்மாவுக்கு இன்றைக்குக் கற்பனை கூடிப்போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் போனை வைக்கவில்லை.

"பூ எல்லாம் கருகிவிட்டது" என்றார். "ஒரு மரம்கூட மிச்சமில்லை."

அந்த வாரமே காரை எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கப் போனதாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் பையில் ஆபீஸ் தெர்மாமீட்டர் ஒன்றும் இருந்தது. அவ்வளவு நடந்தும் என் சந்தேகம் விடவில்லை.

காலை ஏழுக்குச் சற்று முன் அவருடைய தோட்டத்துக்குள் இறங்கினேன். மேலே ரோட்டில் சட்டையோடு நிற்க முடிந்தது. சரிவில் நாற்பது அடி இறங்குவதற்குள் பல் கிட்டியது. மலையிலிருந்து இறங்கும் குளிர் முழுவதும் அந்தக் குழியில்தான் வந்து தேங்குகிறது. வெள்ளைப் பெட்டிக்குள் அவருடைய தெர்மாமீட்டர். பக்கத்தில் என்னுடையதையும் வைத்தேன். டோரிஸ் பார்த்துக்கொண்டே நின்றார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டிலும் முப்பத்தொன்று. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஃப்ளாக் போட்ட கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அன்றைக்கு உங்கள் ஃபாக்ஸைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது" என்றார். "இந்தக் குழியில் முப்பத்தாறு இருக்காதே என்று நினைத்தேன். ஹீட்டருக்கு எண்ணெய்கூட எடுத்து வைத்தேன். அப்புறம், படித்தவர்கள், கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், பார்க்காமலா சொல்வார்கள் என்று போய்ப் படுத்துவிட்டேன்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சந்தேகப்படுங்கள், அதற்குத்தான் சம்பளம். ஆனால் சந்தேகம் வந்தால் முதலில் போனை எடுங்கள், அதுவும் போதாவிட்டால் காரை எடுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து போடும் ஃப்ளாக்கும் பார்க்காமல் எழுதும் எண்தான். பார்க்காமல் எழுதினவர் டோரிஸ் இல்லை, நான். அந்த வருஷம் அவர் தோட்டத்தில் ஒரு ஆப்பிள்கூடக் காய்க்கவில்லை.